வானை அளந்த வரலாறு – 14: கந்தகமும் நிறமாலையும்

நீராவியை நீக்கிப் பார்த்தால் வளிமண்டலத்தில் 78 விழுக்காடு நைட்ரஜனும் 21 விழுக்காடு ஆக்சிஜனும் 0.93 விழுக்காடு ஆர்கானும் இருக்க, கார்பன் டைஆக்சைடு, மீத்தேன், ஓசோன், நைட்ரஜன் டைஆக்சைடு, கந்தக டைஆக்சைடு முதலிய மற்ற வாயுக்கள் அனைத்தும் சேர்ந்தும் நூற்றில் ஒரு பங்கின் பத்தில் ஒன்றைக்கூட எட்டுவதில்லை. அளவில் இவ்வளவு குறைந்தவை என்பதால் சுவடு வாயுக்கள் எனப்படும் இவைதாம் பூமியின் வெப்பத்தையும், உயிர்களின் மேல் விழும் புற ஊதாக் கதிரின் அளவையும், மூச்சுக்காற்றின் தரத்தையும் பெருமளவு தீர்மானிக்கின்றன. ஓசோனை எடுத்துக்கொண்டால், தரை முதல் வானின் விளிம்பு வரை பரவிக் கிடக்கும் அதன் மூலக்கூறுகளையெல்லாம் திரட்டிக் கடல்மட்ட அழுத்தத்துக்குக் கொண்டுவந்தால் கிடைக்கும் படலம், சராசரியாக, இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கனமே இருக்கும். அக்கனத்தில் ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கை ஒரு டாப்சன் அலகு எனக் கொள்வது மரபு. தென் தமிழகத்தின் மேல் ஆண்டின் பெரும்பகுதியில் இது 240க்கும் 290க்கும் இடையே நிற்கிறது. இத்தனை மெல்லிய ஒன்றைப் பல நூறு கிலோமீட்டர் உயரத்திலிருந்து அளக்க முடிந்தது எப்படி என்பதும், அவ்வாறு அளக்கும் கருவிகளுக்கு விருதுநகர் மாவட்டத்தின் பட்டாசுத் தொழில் எந்த அளவுக்குப் புலப்படுகிறது என்பதும் இப்பகுதியின் பொருள்.

இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. ஒவ்வொரு தனிமமும் சூடேறும்போது தனக்கே உரிய அலைநீளங்களில் ஒளியை உமிழ்கிறது என்பதையும், அதே அலைநீளங்களில்தான் தன் வழியே செல்லும் ஒளியை விழுங்குகிறது என்பதையும் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் புன்சனும் கிர்க்காஃபும் 1859, 1860 ஆகிய ஆண்டுகளில் நிறுவினர். சிவகாசியின் பேன்சி ரகப் பட்டாசுகளில் மேலே சென்று வெடிக்கும் மணி மருந்தில் ஸ்ட்ரான்ஷியம் உப்பு சிவப்பையும், தொழிலில் பச்சை உப்பு என்று வழங்கும் பேரியம் நைட்ரேட் பச்சையையும், செம்பு நீலத்தையும், சோடியம் மஞ்சளையும் தருவது அந்த உமிழ்வினால்தான். செயற்கைக்கோள் கருவி பார்ப்பதோ இதன் மறுபக்கத்தை: சூரிய ஒளி காற்றின் வழியே வந்து திரும்பும்போது அதில் எந்த அலைநீளம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதே அதன் கணக்கு. கருவிக்கு வாயு தெரிவதில்லை, வாயு விழுங்கிய ஒளியின் குறைதான் தெரிகிறது. பின்வரும் வரலாற்றின் வெற்றிகளும் குழப்பங்களும் இந்த ஒரு செய்தியிலிருந்தே கிளைத்தவை.

உமிழ்வையே மேல் வளிமண்டல ஆய்வுக்குப் பயன்படுத்திய நிகழ்ச்சி ஒன்று சிவகாசியிலிருந்து வான்தூரத்தில் ஏறத்தாழ 145 கி.மீ. தொலைவில் நடந்தது. 1963 நவம்பர் 21 மாலையில் தும்பாவிலிருந்து ஏவப்பட்ட நைக்-அப்பாச்சி ராக்கெட், பிரான்சு நாடு அளித்த கருவியின் வழியாகச் சோடியம் ஆவியை உயரத்தில் வெளியிட்டது. தரையில் இருள் கவிந்துவிட்ட நேரத்திலும் அந்த உயரத்தில் வெயில் இருந்தமையால், ஆவி கதிரொளியை வாங்கித் தன் மஞ்சள் நிறத்தில் திருப்பி உமிழ்ந்தது; அந்த மேகம் நகர்ந்து சிதைந்த விதத்தைப் படமெடுத்து மேல் வானின் காற்றோட்டம் கணிக்கப்பட்டது. இந்திய விண்வெளி வரலாறு தொடங்கும் நாளாகக் கொண்டாடப்படும் அந்த நாளில் வானில் தெரிந்த நிறம், மஞ்சள் மத்தாப்பு தரும் அதே நிறந்தான் என்பது இயற்பியலின்படி வெறும் தற்செயலன்று.

ஒளியின் குறையை அளக்கும் முறை இப்பகுதிக்கு அதற்கும் முன்பே வந்துவிட்டது. சிவகாசிக்கு வடமேற்கே ஏறத்தாழ 95 கி.மீ. தொலைவில் உள்ள கொடைக்கானலில், பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டான 1957இல் டாப்சன் நிறமாலைமானியைக் கொண்டு ஓசோன் அளவீடு தொடங்கியது. ஓசோன் மிகுதியாக விழுங்கும் 305.5 நானோமீட்டர் அலையையும், குறைவாக விழுங்கும் 325.4 நானோமீட்டர் அலையையும் சூரிய ஒளியிலிருந்து பிரித்து, இரண்டின் வலிமைக்கும் உள்ள விகிதத்தைக் கண்டால், இடையில் உள்ள ஓசோனின் மொத்த அளவு கிடைத்துவிடும் என்பதே அக்கருவியின் கோட்பாடு. இந்தியாவில் இத்துறையை வளர்த்தவர்களுள் முதன்மையானவர் பாலக்காட்டை அடுத்த கல்பாத்தியில் 1893இல் பிறந்து, சர் சி.வி. ராமனிடம் பயின்று, பின்னர் அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரான கே.ஆர். இராமநாதன், பன்னாட்டு ஓசோன் ஆணையத்தின் தலைமைப் பொறுப்பும் அவரை வந்தடைந்தது. தரையில் ஒரே இடத்தில் பல பத்தாண்டுகள் விடாமல் எடுக்கப்படும் இத்தகைய அளவீடுகள் செய்திகளில் இடம்பெறுவதில்லை என்றாலும், செயற்கைக்கோள் தரும் எண் சரியா பிழையா என்று சொல்வதற்கு இவற்றை விட்டால் வேறு கதி இல்லை.

தரையிலிருந்து மேல்நோக்கிச் செய்ததை மேலிருந்து கீழ்நோக்கிச் செய்யலாம் என்று 1957இல் சிங்கர், வென்ட்வர்த் என்ற இருவர் எழுதிக் காட்டினர். புற ஊதாவில் அலைநீளம் குறையக் குறைய ஓசோனின் விழுங்கும் திறன் கூடுவதால், மிகக் குறுகிய அலைகள் உயரத்திலேயே சிதறித் திரும்பிவிடும். சற்று நீண்டவை ஆழ இறங்கித் திரும்பும். ஆகவே பல அலைநீளங்களில் திரும்பிவரும் ஒளியை அளந்தால் ஓசோன் எந்த உயரத்தில் எவ்வளவு என்பது அடுக்கடுக்காகத் தெரியவரும். 1970 ஏப்ரலில் ஏவப்பட்ட நிம்பஸ்-4 இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 1978 அக்டோபர் 24 அன்று ஏவப்பட்ட நிம்பஸ்-7இல் இருந்த, டாம்ஸ் எனப்பட்ட கருவியோ, வெயில் படும் பூமிப்பரப்பு முழுவதன் ஓசோன் வரைபடத்தையும் நாள்தோறும் தந்தது.

டாம்ஸ் கருவி அன்டார்க்டிகாவின் ஓசோன் ஓட்டையைக் கண்டும் காணாமல் விட்டது என்றும், அதன் கணினி நிரல் குறைந்த எண்களைக் குப்பையில் எறிந்துவிட்டது என்றும் பல பாடநூல்களில்கூட எழுதப்பட்டிருக்கிறது. நடந்தது அதுவன்று. 180 டாப்சன் அலகுக்குக் கீழான அளவுகள் அதுவரை எங்கும் பதிவாகாதவை என்பதால், அத்தகைய எண்கள் நீக்கப்படாமல், ஐயத்துக்குரியவை என்ற குறியுடன் சேமிக்கப்பட்டன. 1984இல் முந்தைய ஆண்டின் அக்டோபர் தரவுகளைச் சீர்செய்தபோது, குறியிடப்பட்ட எண்கள் தென்துருவத்தைச் சுற்றிக் குவிந்திருப்பதை நாசாவின் குழுவினர் கண்டனர். ஆனால் தென்துருவ நிலையத்தின் தரைக்கருவி ஏறத்தாழ 300 என்ற இயல்பான அளவைச் சொல்லிக்கொண்டிருந்தது. பிழை தரைக்கருவியின் பக்கம் என்பது தெளிவாவதற்குள், பிரிட்டனின் ஹாலி பே நிலையத்தில் பழைய டாப்சன் கருவியை வைத்துக்கொண்டு அளந்துவந்த ஃபார்மன், கார்டினர், ஷாங்க்ளின் ஆகிய மூவரும் தம் கட்டுரையை 1985 மே மாதம் நேச்சர் இதழில் வெளியிட்டுவிட்டனர். நாசா குழுவைச் சேர்ந்தவரும் இந்திய வம்சாவளியினருமான பவன் பார்த்தியா அதே ஆண்டு ஆகஸ்டில் பிராக் நகரக் கூட்டத்தில் செயற்கைக்கோள் வரைபடத்தைக் காட்டிய பின்னரே, அது ஒரு நிலையத்தின் உள்ளூர்க் குறைபாடன்று, ஒரு கண்டத்தின் பரப்பை ஒத்த நிகழ்வு என்பது உலகுக்கு விளங்கியது. முந்தியது தரைக்கருவி, பரப்பைக் காட்டியது விண்கருவி. இவ்விரண்டில் ஒன்றை உயர்த்தி மற்றதைத் தாழ்த்தும் பழக்கம் இன்றும் தொடர்கிறது. அதற்கு இந்த வரலாறு இடம் கொடுக்கவில்லை.

இதற்கு மூன்றாண்டுகள் முன்பே அதே டாம்ஸ் கருவியின் கணக்கில் கந்தகம் அழையாமல் நுழைந்தது. 1982 ஏப்ரலில் மெக்சிகோவின் எல் சிச்சோன் எரிமலை வெடித்தபோது, அதன் மேகம் பரவிய பகுதிகளில் ஓசோன் திடீரெனப் பெருகியதாகக் கருவி காட்டியது. எரிமலை ஓசோனை உமிழ்வதில்லை. ஓசோன் விழுங்கும் அதே புற ஊதாப் பகுதியில் கந்தக டைஆக்சைடும் ஒளியை விழுங்கும் என்பதால், கருவி ஒன்றை மற்றொன்றாகக் கணக்கிட்டிருக்கிறது என்பதை நாசாவின் ஆர்லின் குரூகர் உணர்ந்து, இரண்டையும் பிரிக்கும் கணக்கு முறையை உருவாக்கினார். ஓசோனுக்காக அனுப்பப்பட்ட கருவி இவ்வாறு கந்தக டைஆக்சைடு அளக்கும் கருவியாகவும் ஆயிற்று. 1991இல் பிலிப்பைன்சின் பினாட்டுபோ எரிமலை மீள் அடுக்குக்குள், அதாவது அடுக்கு அடுக்காக அமைதியாய்க் கிடக்கும் ஸ்ட்ராட்டோஸ்பியருக்குள், ஏற்றிய கந்தக டைஆக்சைடு ஏறத்தாழ 15 முதல் 20 மில்லியன் டன் என்ற கணக்கு இந்த வழியில் வந்ததே.

நேர் கீழே பார்ப்பதற்கு மாறாகப் பூமியின் விளிம்பைப் பக்கவாட்டில் நோக்கும் முறையும் இதே காலத்தில் வளர்ந்தது. 1984இல் சென்ற சேஜ்-2 கருவி, விளிம்பில் சூரியன் உதிப்பதையும் மறைவதையும் பார்த்து, இடைப்பட்ட காற்று விழுங்கிய ஒளியை உயரவாரியாக அளந்தது; 1991 செப்டம்பரில் டிஸ்கவரி விண்ஓடம் கொண்டுசென்று விட்ட யு.ஏ.ஆர்.எஸ். செயற்கைக்கோள், வாயுக்கள் தாமாகவே உமிழும் நுண்ணலையைக் கேட்டு, ஓசோனை அழிக்கும் குளோரின் மோனாக்சைடை வரைந்து காட்டியது. சூரிய ஒளி வேண்டாத இந்த நுண்ணலை முறை இரவிலும் இயங்கும் என்றாலும், மேல் அடுக்குகளுக்கே பயன்படும். ஊர்ப்புகை கிடக்கும் தரைமட்டம் அதற்கு எட்டாது.

ஊர்ப்புகையை நோக்கிய திருப்பம் 1995 ஏப்ரலில் ஐரோப்பாவின் ஈ.ஆர்.எஸ்-2 செயற்கைக்கோளில் சென்ற கோம் கருவியோடு வந்தது. மூடுபனியும் காற்று மூலக்கூறுகளும் ஒளியை மெல்ல மெல்லச் சீராகக் குறைக்க, நைட்ரஜன் டைஆக்சைடு போன்ற வாயுக்கள் குறுகிய பற்களாக ஆங்காங்கே கடிக்கின்றன; சீரான குறையைக் கணக்கால் நீக்கிவிட்டுப் பற்களின் தடத்தை மட்டும் ஆய்வகத்தில் எடுத்த தடத்தோடு பொருத்திப் பார்ப்பது வேறுபாட்டு ஒளி உட்கவர்தல் முறை எனப்படும். முறை கூர்மையானது, ஆனால் கோம் கருவியின் ஒரு படப்புள்ளி தரையில் 320 கி.மீ. நீளமும் 40 கி.மீ. அகலமும் கொண்டது. சிவகாசி இருக்கும் அகலாங்கில் அந்தப் புள்ளியைக் கிழக்கு மேற்காக வைத்தால், ஆலப்புழைக் கடற்கரையில் தொடங்கி மண்டபம் வரை தீபகற்பம் முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். 2004 ஜூலையில் ஏவப்பட்ட ஆரா செயற்கைக்கோளின் ஓ.எம்.ஐ. கருவியில் புள்ளி 24க்கு 13 கி.மீ. என்று சுருங்கிற்று, 2017 அக்டோபர் 13 அன்று ஏவப்பட்ட சென்டினல்-5பி செயற்கைக்கோளின் ட்ரோப்போமி கருவியில், 2019 ஆகஸ்ட் முதல், அது 5.5க்கு 3.5 கி.மீ. ஆகியிருக்கிறது. சிவகாசியும் அதை ஒட்டிய திருத்தங்கலும் இப்போது தனித்தனிப் புள்ளிகளில் விழக்கூடும்.

விழுந்தும் அங்கே பெரிதாக ஒன்றும் தெரிவதில்லை என்பதே உண்மை. வானம் பார்த்த கரிசல் பூமியான இப்பகுதியில், கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923இல் தொடங்கிவைத்த தொழில், 1940ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளுக்குப் பின் பட்டாசாகவும் விரிந்தது. மழை குறைந்த வறண்ட வானிலை, வெயிலில் காயவைக்க வேண்டிய மருந்துக்கு உகந்ததாயிற்று. வெடியுப்பு, கந்தகம், கரி, அலுமினியப் பவுடர், பச்சை உப்பு என்று இங்கே கலக்கப்படும் பொருள்கள் இங்கே எரிவதில்லை. விபத்துகளையும் மாதிரிச் சோதனைகளையும் தவிர்த்தால், சிவகாசியின் கந்தகம் டெல்லியிலும் மும்பையிலும் பாட்னாவிலும்தான் புகையாகிறது. ஒரு டன் கந்தகம் முழுதும் எரிந்தால் இரண்டு டன் கந்தக டைஆக்சைடு உண்டாகும். பல ஆண்டுத் தரவுகளைக் காற்றின் திசைக்கேற்பத் திருப்பி அடுக்கிச் சராசரி எடுத்த பிறகும், ஓ.எம்.ஐ. கருவியால் ஆண்டுக்கு ஏறத்தாழ 30,000 டன்னுக்குக் குறைவாக உமிழும் தனி மூலத்தைப் பிரித்தறிய இயலாது. அதாவது ஒரே இடத்தில் ஆண்டுதோறும் 15,000 டன் கந்தகம் எரிந்தாக வேண்டும். நாடு முழுதும் ஓரிரு நாள்களில் சிதறி எரியும் பட்டாசு அந்தக் கணக்குக்குள் வரவே வராது. நாள் தவறாமல் நிலக்கரி எரிக்கும் அனல்மின் நிலையங்களோ எளிதில் வருகின்றன: இந்தியாவின் நிலக்கரி மின்நிலையப் பகுதிகளில் கந்தக டைஆக்சைடு 2005க்கும் 2012க்கும் இடையே 60 விழுக்காட்டுக்கு மேல் கூடியதாக இக்கருவியின் தரவுகளைக் கொண்டே 2013இல் கணக்கிடப்பட்டது.

நைட்ரஜன் டைஆக்சைடின் நிலை இன்னும் சிக்கலானது. அது தரையருகிலும் மீள் அடுக்கிலும் ஒருசேர இருப்பதால், மேலே உள்ளதைக் கழித்தால்தான் கீழே உள்ளது கிடைக்கும். பெருநகரம் இல்லாத பகுதிகளில் கழிக்கப்படுவதே பெரிது, எஞ்சுவது சிறிது. சிறிய எச்சத்தில் ஒரு நாளின் வேறுபாட்டைத் தேடுவது நம்பத்தக்க வேலையன்று.

நேரமும் ஒத்துவரவில்லை. சென்டினல்-5பி ஒவ்வோர் இடத்தையும் உள்ளூர் நேரம் பகல் ஒன்றரை மணியளவில் கடக்கிறது. ஆரா அதை அடுத்துக் கடக்கிறது. தமிழகத்தில் பட்டாசு வெடிப்பதோ எண்ணெய்க் குளியல் முடித்த விடியற்காலையிலும் இருட்டிய பிறகும். 2018இல் உச்ச நீதிமன்றம் நாளுக்கு இரண்டு மணி நேரம் என வரையறுத்த பின், தமிழக அரசு காலை 6 முதல் 7 வரையும் இரவு 7 முதல் 8 வரையும் என்று பிரித்து அறிவித்தது. நைட்ரஜன் டைஆக்சைடு வெயிலில் சில மணி நேரமே தாக்குப்பிடிப்பதால், காலையில் உண்டானதன் பெரும்பகுதி நண்பகலுக்குள் போய்விடும். இரவில் உண்டானது மறுநாள் பகல் வரை காத்திருக்க வேண்டும். போதாக்குறைக்கு ஐப்பசி என்பது வடகிழக்குப் பருவமழையின் மாதம். மேகத்துக்குக் கீழே உள்ளதைப் புற ஊதாக் கருவி எதுவும் காணாது.

இவ்வளவும் இருந்தும், தீபாவளி இரவில் விண்வெளியிலிருந்து இந்தியா என்ற பெயரில் பல நிற விளக்குகளாய் மின்னும் படம் ஒன்று ஆண்டுதோறும் கைப்பேசிகளில் வலம்வருகிறது. அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகத்தைச் சேர்ந்த கிறிஸ் எல்விட்ஜ், பல ஆண்டுகளின் இரவு விளக்குப் படங்களை வெவ்வேறு நிறமிட்டு ஒன்றாக்கி, மக்கள்தொகைப் பெருக்கத்தைக் காட்டுவதற்காகச் செய்த தொகுப்பு அது. 2012 நவம்பர் 12 இரவில் எடுத்த உண்மையான படத்தை வெளியிட்ட நாசா, தீபாவளியின் கூடுதல் வெளிச்சம் விண்வெளியிலிருந்து உணர முடியாத அளவுக்கு நுட்பமானது என்று விளக்கமும் அளித்தது. படம் ஓயவில்லை.

மேல் வளிமண்டலத்தோடு பட்டாசுக்கு உள்ள மெய்யான உறவு இதைவிடச் சிறிய இடத்தில், ஒரு கம்பி மத்தாப்பின் நுனியில் இருக்கிறது. சட்டத்தில் வரிசையாகச் செருகிய கம்பிகளை மருந்துக் கூழில் முக்கி, வெயிலில் காயவைத்து, மறுபடியும் முக்கிக் காயவைத்து எடுக்கும் இந்தச் சரக்கில் பச்சை உப்பும் அலுமினியப் பவுடரும் இரும்புத் தூளும் ஒட்டுப்பசையும் சேர்ந்திருக்கும். டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அத்ரி, குமார், ஜெயின் ஆகிய மூவர் 2001இல் நேச்சர் இதழில் எழுதிய சிறு கட்டுரை, நிறம் தரும் மத்தாப்பு எரியும்போது ஓசோன் உண்டாகிறது என்று காட்டியது. நகரங்களில் தரைமட்ட ஓசோன் பிறப்பதற்கு நைட்ரஜன் ஆக்சைடுகளும் சூரிய ஒளியும் வேண்டும் என்பது பொதுவிதி; இங்கே நடு இரவில் அவை இல்லாமலே அது பிறந்தது. எரியும் உலோகத்தின் ஒளியில் 240 நானோமீட்டருக்குக் குறைந்த புற ஊதாவும் இருப்பதால், அது ஆக்சிஜன் மூலக்கூறைப் பிளக்க, பிளந்த அணு மற்றோர் ஆக்சிஜன் மூலக்கூறோடு சேர்ந்து ஓசோனாகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். மீள் அடுக்கில் ஓசோன் உருவாவதற்கு சிட்னி சாப்மன் 1930இல் கூறிய வினையும் இதுவே; சூரியன் வானில் செய்வதை மத்தாப்பு முற்றத்தில் சில நொடிகள் செய்கிறது. உயரே கவசமான வாயு மூக்கருகே நஞ்சு என்பதால் இதில் மகிழ ஒன்றுமில்லை. செயற்கைக்கோளுக்கும் இது தெரியாது. ஓசோனில் பத்தில் ஒன்பது பங்கு மேலே கிடக்க, அதன் ஊடாகத் தரையின் சிறு மாற்றத்தைப் பிரிப்பது இன்றைய கருவிகளுக்கும் அரிது.

ஆகவே விண்ணிலிருந்து எடுத்த சான்று சிவகாசியைக் குற்றவாளி ஆக்குகிறது என்போர் கூற்றுக்கும், விண்ணில் ஒன்றும் பதிவாகாததால் பட்டாசு தீங்கற்றது என்போர் கூற்றுக்கும் ஒரேயளவு ஆதாரந்தான் உண்டு. டெல்லியின் தெருக்களில் மூச்சுத் திணறியதைத் தரைக்கருவிகள் பதிவு செய்தன. பேரியம் உப்புக்கு நீதிமன்றம் விதித்த தடையும், துகள் உமிழ்வில் 30 விழுக்காடாவது குறைய வேண்டும் என்று தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமான நீரி பசுமைப் பட்டாசுக்கு வகுத்த அளவுகோலும், மூடிய சோதனை அறையிலும் தரையிலும் நிற்பவை.

கருவிகளின் குறை காலப்போக்கில் குறைந்துவருவதும் உண்மை. 2020 பிப்ரவரியில் தென்கொரியா அனுப்பிய ஜெம்ஸ் கருவி, 36,000 கி.மீ. உயரத்தில் ஒரே இடத்தில் நிலைகொண்டு, ஆசியாவைப் பகலில் மணிக்கொருமுறை அளக்கிறது. அதன் பார்வையின் மேற்கு எல்லை 75 பாகைத் தீர்க்கரேகை, சிவகாசி இருப்பதோ 77.8இல், ஆகவே ஊர் சட்டத்தின் விளிம்பில் வெகு சாய்வாக மாட்டுகிறது. 2006 முதல் ஐரோப்பாவின் மெட்ஆப் செயற்கைக்கோள்களில் சுற்றும் ஐயாசி என்ற அகச்சிவப்புக் கருவி, சூரிய ஒளி வேண்டாமல் இரவு ஒன்பதரை மணிக்கும் கடக்கிறது. தீபாவளி நேரத்துக்கு இதைவிட நெருங்கிவருவது வேறில்லை. ஆனால் தரைக்கும் அதன்மேல் படிந்த காற்றுக்கும் போதிய வெப்ப வேறுபாடு இருந்தால்தான் தரையருகே உள்ள வாயு அகச்சிவப்பில் தெரியும்; மழைக்கால இரவின் ஈரக்காற்றில் அந்த வேறுபாடு பெரும்பாலும் வாய்ப்பதில்லை. 1979 முதல் இயங்கும் தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளும் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியும் இதே கருவிகளில் எவ்வாறு பதிவாகின்றன என்பது அடுத்த பகுதியில்.